கோளாறு டிராயிங்கிலா, கணினியிலா? ஆட்டோகேட் தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழிமுறை

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரு டிராயிங் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் வரைவு அலுவலகங்களில் எழும் முதல் குரல் "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்பதாகவும், அடுத்த குரல் "சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுடலாமா" என்பதாகவும் இருக்கும். கட்டட வரைபடங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மையிலேயே கெட்டுப்போன கோப்புகளை நான் பார்த்தது குறைவு. ஏதோ ஒரு லிஸ்ப் நிரல் (ஆட்டோகேடில் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரல்) பாதியில் நின்றபோது மாறிப்போன ஒற்றை சிஸ்டம் வேரியபிளோ (ஆட்டோகேடின் நடத்தையைத் தீர்மானிக்கும் மதிப்பு), வேறொருவரின் டிராயிங்கிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குப்பையோதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. இந்த இரண்டையும் மறுநிறுவல் தீர்ப்பதில்லை. பழைய அமைப்புகளை வைத்துக்கொண்டே நிறுவினால் முதலாவது அப்படியே திரும்பி வரும். இரண்டாவது டிராயிங்குக்கு உள்ளேயே இருப்பதால் மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் போகாது.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். வெற்று டெம்ப்ளேட்டில் புதிய டிராயிங் ஒன்றைத் திறந்து, தொல்லை கொடுத்த அதே வேலையை அங்கே செய்து பாருங்கள். அங்கும் அதே கோளாறு வந்தால் அது உங்கள் கணினியின் ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) புரொஃபைலிலோ (உங்கள் ஆட்டோகேட் அமைப்புகளின் தொகுப்பு) இருக்கிறது. அங்கே வரவில்லையென்றால் அது அந்த டிராயிங்குக்குள் இருக்கிறது. உங்களிடம் சரியாக இருந்து அடுத்தவர் கணினியில் மட்டும் கெடுகிறது என்றால் ஃபான்ட், எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்த வேறு டிராயிங்) பாதை, பிளாட் ஸ்டைல் (அச்சு நிறம், தடிமன் விதிகள்) கோப்பு ஆகிய மூன்றில் ஒன்று உங்களோடு தங்கிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

கட்டளைகளையும் வேரியபிள்களையும் இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கட்டளை வரியில் அவற்றை இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டவேண்டும். சில பெயர்கள் சில பழைய பதிப்புகளில் இருக்காது.

கோப்பைத் திறக்கச் சொன்னால் பெட்டி வருவதில்லை

கண்ட்ரோல்+ஓ அழுத்துகிறீர்கள், வழக்கமான பெட்டிக்குப் பதிலாகக் கட்டளை வரியில் கோப்பின் பெயரைக் கேட்டு ஒரு வரி வந்து நிற்கிறது. ஃபைல்டியா என்ற வேரியபிள் 0 ஆகியிருப்பதே காரணம். அதை 1 ஆக்கினால் பெட்டி திரும்பிவிடும். அந்த ஒரு முறைக்கு மட்டும் பெட்டி வேண்டுமென்றால், பெயர் கேட்கும் இடத்தில் டில்டே குறியைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும்.

இது தானாக மாறுவதில்லை. பல டிராயிங்குகளை ஒரே ஓட்டத்தில் செயலாக்கும் ஸ்கிரிப்ட்டுகளும் லிஸ்ப்களும் பெட்டி குறுக்கிடாமல் இருக்க இதை 0 ஆக்கிவிட்டு, முடிவில் பழைய மதிப்பை வைப்பது வழக்கம். நடுவில் யாராவது எஸ்கேப் அழுத்தினால் அந்த முடிவு வருவதே இல்லை. லிஸ்ப் எழுதும் நண்பர்கள் பிழை கையாளும் பகுதி ஒன்றை எழுதி வைத்தால் உலகத்துக்குப் புண்ணியமாகப் போகும்.

தேர்ந்தெடுத்தது தங்குவதில்லை

ஒரு கோட்டைச் சொடுக்கிவிட்டு அடுத்த கோட்டைச் சொடுக்கினால் முதல் கோட்டின் தேர்வு விலகிவிடுகிறது, ஷிஃப்ட் பிடித்தால்தான் இரண்டும் சேர்கின்றன என்றால் பிக்ஆட் 0 ஆகியிருக்கிறது. அதை 2 ஆக்கவும். இது மாறுவதற்கு லிஸ்ப் எதுவும் தேவையில்லை. புராப்பர்ட்டீஸ் பலகையின் மேல் மூலையில் வரிசையாக இருக்கும் மூன்று சிறு பொத்தான்களில் ஒன்று இந்த வேரியபிளை மாற்றுவதற்கென்றே இருக்கிறது. அருகிலுள்ள பொத்தானை அழுத்தப்போய் இதை அழுத்திவிடுவது மிக எளிது.

முதலில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிலீட் பொத்தானை அழுத்தினால் எதுவும் அழியவில்லை என்றால் பிக்ஃபர்ஸ்ட் 0 ஆகியிருக்கிறது. அதை 1 ஆக்கவேண்டும். இவை இரண்டும் ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்படுபவை என்பதால் எந்த டிராயிங்கைத் திறந்தாலும் தொல்லை தொடரும். தேர்ந்தெடுத்தது கண்ணுக்கே தெரியவில்லை என்றால் ஹைலைட் வேரியபிளைப் பார்க்கவும். அது எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதால் மறுமுறை திறந்தாலே சரியாகிவிடும். இதனால்தான் "ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்ற மருத்துவம் சில நோய்களுக்கு மட்டும் பலிக்கிறது.

இப்படி மாறும் வேரியபிள்களைக் கண்காணிக்க சிஸ்வார்மானிட்டர் என்ற கட்டளை 2016 பதிப்பிலிருந்து இருக்கிறது. வேண்டிய வேரியபிள்களையும் அவற்றுக்குரிய மதிப்புகளையும் ஒருமுறை பட்டியலில் சேர்த்துவிட்டால், அவற்றில் ஏதேனும் மாறும்போது அறிவிப்பு வரும். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பழைய மதிப்புக்குக் கொண்டுவரலாம். புதிதாக வேலைக்குச் சேர்பவரின் கணினியில் நான் முதலில் செய்யும் ஏற்பாடு இதுதான்.

ரிப்பன், கட்டளை வரி, பலகைகள் காணாமல் போய்விட்டன

கண்ட்ரோல்+0 அழுத்தப்பட்டிருந்தால் திரை முழுவதும் வெறிச்சோடும். அதையே மறுபடி அழுத்தவும். கட்டளை வரி மட்டும் காணவில்லையென்றால் கண்ட்ரோல்+9. ரிப்பன் மட்டும் காணவில்லையென்றால் ரிப்பன் என்றே கட்டளை கொடுக்கவும்.

விட்டுவிட்டு வரவேண்டிய கோடு முழுக்கோடாகத் தெரிகிறது

பீம், மேல்தள விளிம்பு, எல்லைக்கோடு போன்றவற்றுக்கு டேஷ்டு கோடு கொடுத்திருப்போம். லேயரும் சரியாக இருக்கும். ஆனால் திரையில் முழுக்கோடாகவே தெரியும். புதியவர்கள் எல்டிஸ்கேல் (கோட்டு வகைகளின் துண்டு, இடைவெளி அளவைப் பெருக்கும் எண்) மதிப்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சில வேளை அது தீர்வாகும். சில வேளை நிலைமை மோசமாகும். ஏனென்றால் கோடு முழுதாகத் தெரிவதற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஆட்டோகேடோடு வரும் கோட்டு வகைக் கோப்புகள் இரண்டு. அங்குல அளவுக்கான கோப்பில் டேஷ்டு வகையின் கோட்டுத்துண்டு 0.5 அலகு, இடைவெளி 0.25 அலகு. மெட்ரிக் அளவுக்கான ஐஎஸ்ஓ கோப்பில் அதே வகைக்குத் துண்டு 12.7, இடைவெளி 6.35. மில்லிமீட்டரில் வரைந்த 9,000 நீளச் சுவருக்கு முதல் கோப்பின் கோட்டைக் கொடுத்தால் அரை மி.மீ. துண்டுகள் ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்று முழுக்கோடாகத் தோன்றும். இங்கே எல்டிஸ்கேலைக் கூட்டவேண்டும். அதே சுவரை மீட்டரில் வரைந்து, 9 அலகு நீளக் கோட்டுக்கு ஐஎஸ்ஓ கோப்பின் வகையைக் கொடுத்தால் ஒரு துண்டே 12.7 அலகு என்பதால் முழுச்சுவரும் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும். இங்கே எல்டிஸ்கேலைக் குறைக்கவேண்டும். எனவே மதிப்பை மாற்றுவதற்கு முன்பு கோட்டின் உண்மையான நீளத்தை லிஸ்ட் கட்டளையால் பார்த்து, எந்த அலகில் வரையப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாடலில் (வரையும் இடத்தில்) சரியாகத் தெரிந்து லேஅவுட்டில் (அச்சுத் தாளில்) முழுக்கோடாகிறது என்பது இன்னொரு வகைப் புகார். பிஎஸ்எல்டிஸ்கேல் 1 ஆக இருந்தால் வியூபோர்ட்டின் (தாளில் மாடலைக் காட்டும் சாளரத்தின்) ஸ்கேலுக்கு ஏற்பத் துண்டுகள் தாளில் ஒரே அளவாக வரும். ஆனால் மாடலுக்காக எல்டிஸ்கேலை 50, 100 என்று ஏற்றியிருந்தால் அந்தப் பெருக்கமும் சேர்ந்து துண்டு தாளைவிட நீண்டுவிடும். எல்டிஸ்கேலை 1 அல்லது 0.5 என்று வைத்து, பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் இரண்டையும் 1 ஆக்கிவிட்டு ரீஜென்ஆல் (திரையைப் புதிதாக வரையும் கட்டளை) கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து நெடுநாள் நிம்மதி தரும் ஏற்பாடு. ரீஜென்ஆல் கொடுக்க மறந்துவிட்டு "மாற்றியும் மாறவில்லை" என்று சொல்பவர்கள் பலர்.

சர்வே டிராயிங்கில் வரும் கான்டூர் கோடுகள் (சம உயரக் கோடுகள்) இவை எதற்கும் அசையாமல் முழுக்கோடாகவே நின்றால் காரணம் வேறு. பாலிலைனின் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோட்டின்) முனைப்புள்ளிகள் மிக நெருக்கமாக இருக்கும்போது ஒவ்வொரு சிறு துண்டுக்கும் கோட்டு வகை புதிதாகத் தொடங்குகிறது. ஒரு இடைவெளி விழுவதற்குள் அடுத்த முனை வந்துவிடுகிறது. அந்தக் கோடுகளைத் தேர்ந்தெடுத்து, புராப்பர்ட்டீஸ் பலகையில் லைன்டைப் ஜெனரேஷன் என்பதை இயக்கினால் முழு நீளத்துக்கும் வகை ஒரே தொடராக ஓடும். பிலைன்ஜென் வேரியபிளை 1 ஆக்குவது இனிமேல் வரையப்போகும் கோடுகளுக்கு மட்டுமே உதவும்.

ஹேட்ச் விழவில்லை, அல்லது சிதைந்து விழுகிறது

ஏற்கெனவே போட்டிருந்த எல்லா ஹேட்ச்களும் (பரப்பை நிரப்பும் கோலங்கள்) ஒரே நேரத்தில் மறைந்துவிட்டன என்றால் ஃபில்மோட் 0 ஆகியிருக்கிறது. 1 ஆக்கி ரீஜென் கொடுக்கவும். இது டிராயிங்கோடு சேமிக்கப்படும் வேரியபிள். அதனால்தான் அந்தக் கோப்பில் மட்டும் தொல்லை தெரியும்.

எல்லை மூடவில்லை என்று செய்தி வந்தால் இடைவெளி இருக்கும் முனைகளை ஆட்டோகேட் சிவப்பு வட்டங்களால் காட்டும். அவற்றை ஃபில்லெட் கட்டளையால், ஆரம் 0 வைத்துச் சேர்ப்பதே முறை. ஹெச்பிகேப்டால் (ஹேட்ச் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி) மதிப்பை உயர்த்தி இடைவெளியோடு ஹேட்ச் போடலாம்தான். ஆனால் அதே அறையின் பரப்பைப் பின்னர் கணக்கிடப்போகிறீர்கள் என்றால் திறந்த மூலை மறுபடி உங்களைத் தேடி வரும். முனைகள் கண்ணுக்குச் சேர்ந்தே தெரிந்தும் ஃபில்லெட் மறுக்கிறது என்றால் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் கிடக்கின்றன. சர்வேயிலிருந்து வந்த கோடுகளுக்கு இஸட் மதிப்பு இருப்பது இயல்பு. நகலெடுத்த ஒரு கோப்பில் ஃபிளாட்டன் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் தரைக்குக் கொண்டுவரலாம். மூலக் கோப்பில் கொடுத்துவிடாதீர்கள்; லெவல் விவரம் முழுவதும் போய்விடும்.

ஹேட்ச் விழுகிறது, ஆனால் கோடுகள் கோணலாக, பல் பல்லாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்பது எனக்கு நீண்ட நாள் புரியாத புதிராக இருந்தது. இதற்குக் காரணம் மூலப்புள்ளியிலிருந்து உள்ள தூரம். சென்னையில் ஒரு மனையை யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) 44ஆம் மண்டல ஆயத்தொலைவுகளில் சர்வே செய்தால் வடக்கு மதிப்பு ஏறக்குறைய 14,46,000 மீட்டர் வரும். (கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்தில் வரும், இரண்டு ஊர் சர்வேக்களை ஒரே டிராயிங்கில் ஒட்டி "பொருந்தவில்லை" என்று திகைத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.) கட்டடம் மில்லிமீட்டரில் வேண்டுமென்று அந்த டிராயிங்கை 1,000 மடங்கு பெருக்கினால் அதே எண் 144 கோடியைத் தாண்டும். டிராயிங் எண்களை இரட்டைத் துல்லியத்தில் சேமிப்பதால் 15 இலக்கம் வரை சேதமில்லை. ஆனால் திரையில் வரைவதற்கான கணக்கு பெரும்பாலும் ஒற்றைத் துல்லியத்தில் நடப்பது. அதில் ஏறத்தாழ 7 இலக்கமே தங்கும். 144 கோடி அளவிலான எண்களை அந்தத் துல்லியத்தில் எழுதினால் அடுத்தடுத்த இரு எண்களுக்கு நடுவே 128 மி.மீ. இடைவெளி விழும். ஒன்பது அங்குலச் சுவரே 230 மி.மீ. என்றால், அதற்குள் போடும் செங்கல் ஹேட்ச் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே கணக்கிடலாம்.

உடனடி வழி, ஹேட்ச் போடும்போது அதன் தொடக்கப்புள்ளியை அறையின் ஒரு மூலையில் வைப்பது. நிலையான வழி, கட்டட டிராயிங்கை மூலப்புள்ளிக்கு அருகே வரைந்து, சர்வே டிராயிங்கைத் தனிக் கோப்பாக அதன் சொந்த ஆயத்தொலைவிலேயே வைத்திருப்பது. இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலைக்கல்லின் இரு மதிப்புகளையும் டிராயிங்குக்குள் ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள். திரும்பச் சேர்க்கவேண்டிய நாளில் அந்த ஒரு குறிப்பே வழிகாட்டும். யுசிஎஸ்ஸை (நாமே வைத்துக்கொள்ளும் ஆய அச்சை) மட்டும் நகர்த்திவிட்டு மூலப்புள்ளி பக்கத்தில் வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். பொருள்கள் உலக ஆயத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அளவுகள் பொருந்தவில்லை

நுழைத்த பிளாக் (ஒரே பொருளாகத் தொகுத்த வரைபடத் துண்டு) மலைபோல வந்து நிற்கிறது, அல்லது புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. முதலில் அளவு தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள், 900 மி.மீ. கதவு என்றால் இன்னும் வசதி. அளவு 0.9 என்று வந்தால் டிராயிங் மீட்டரில் இருக்கிறது, 2.95 என்றால் அடி, 35.43 என்றால் அங்குலம். அதன்படி முறையே 1,000, 304.8, 25.4 என்ற பெருக்கத்தில் ஸ்கேல் செய்துவிட்டு, இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பை 4, அதாவது மில்லிமீட்டர் என்று வைக்கவேண்டும். யூனிட்ஸ் பெட்டியில் அலகை மாற்றினால் வரைந்தவை தாமாக மாறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அங்கே மாற்றுவது இனிமேல் உள்ளே வரும் பொருள்களுக்கான பெயர்ப்பலகையைத்தான். ஏற்கெனவே உள்ள கோடு அப்படியே இருக்கும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. மில்லிமீட்டரில் வரைந்து முடித்த பிறகு வீட்டுக்காரர் அடிக்கணக்கில் அளவு கேட்பார், அவசரத்தில் யூனிட்ஸை ஆர்க்கிடெக்சரல் என்று மாற்றுவோம், 3,000 மி.மீ. அறை 250 அடி என்று காட்டும். ஆர்க்கிடெக்சரல் வகை எப்போதும் ஓர் அலகை ஓர் அங்குலமாகவே எடுத்துக்கொள்கிறது என்பதே காரணம். டைமென்ஷன் ஸ்டைல் ஒன்றைத் தனியாக உருவாக்கி, முதன்மை அலகை ஆர்க்கிடெக்சரல் என்றும், அளவுப் பெருக்கத்தை 0.0393701 என்றும் கொடுங்கள். டிராயிங் மில்லிமீட்டரிலேயே இருக்கும். எழுத்து மட்டும் அடி-அங்குலத்தில் வரும்.

டைமென்ஷன் ஓர் அளவைச் சொல்கிறது, அளந்தால் வேறு வருகிறது என்பதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான அறிகுறி. வெளியிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு தூண் வரைபடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே 5,000 என்று எழுதியிருந்தது. கோட்டின் நீளமோ 4,850. யாரோ கடைசி நேரத் திருத்தத்தில் கோட்டை நகர்த்த நேரமில்லாமல் டைமென்ஷனின் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். எழுத்தை நம்பித் தளத்தில் குறித்தார்கள். டிராயிங்கை நம்பி நாங்கள் கம்பி நீளம் எடுத்தோம். இரு தரப்பும் தத்தம் அளவில் சரியாகவே வேலை செய்தோம் என்பதுதான் அதில் வேடிக்கை.

இப்படி மாற்றப்பட்டவற்றைக் கண்டுபிடிக்க, ஒரு டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து, புராப்பர்ட்டீஸ் பலகையின் டெக்ஸ்ட் பகுதியில் டெக்ஸ்ட் ஓவர்ரைட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் அளவு உண்மையானது. எண் இருந்தால் யாரோ கையால் தட்டியது. அதற்கு மேலுள்ள வரியில் உண்மை அளவும் காட்டப்பட்டிருக்கும். கட்டத்தில் உள்ளதை அழித்துவிட்டு, சிறியது, பெரியது என்ற இரு கணிதக் குறிகளையும் அடுத்தடுத்துத் தட்டினால் உண்மை அளவு திரும்பும். வெளியிலிருந்து வரும் எந்த டிராயிங்கிலும் டைமென்ஷன்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ஒரு நகல் கோப்பில் இதைச் செய்துவிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நாங்கள் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டோம். நகலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், "சமம்" என்பதுபோல நியாயமாக எழுதப்பட்ட சொற்களும் இதில் அழிந்துவிடும் என்பதே.

எழுத்துகள் கேள்விக்குறியாகவோ குழம்பிய ஆங்கிலமாகவோ தெரிகின்றன

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். கேள்விக்குறிகள் வந்தால், எழுத்து கோப்பில் சரியாக இருக்கிறது, ஆனால் அந்த டெக்ஸ்ட் ஸ்டைலுக்குக் கொடுத்த ஃபான்ட்டில் அதற்கு வடிவம் இல்லை என்று பொருள். ஆட்டோகேடின் சிம்ப்ளெக்ஸ், ரோமன்ஸ் போன்ற எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்ட்டுகளில் (ஆட்டோகேடின் சொந்த எழுத்து வகை) தமிழ் கிடையாது. ஸ்டைல் கட்டளையில் ஃபான்ட்டை லதா அல்லது நிர்மலா யுஐ என்று மாற்றினால் யுனிகோடில் தட்டிய தமிழ் தெரிந்துவிடும். வந்த கோப்பு கேட்கும் எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்ட் உங்களிடம் இல்லையென்றால் அதன் இடத்தில் எது வரவேண்டும் என்பதை ஃபான்ட்ஆல்ட் வேரியபிள் தீர்மானிக்கிறது. அங்கே சிம்ப்ளெக்ஸ் இருப்பது நல்லது.

குழம்பிய ஆங்கிலம் வேறு கதை. பழைய டிராயிங்குகளின் தலைப்புக் கட்டத்தில் பாமினி போன்ற ஃபான்ட்டில் தமிழ் தட்டியிருப்பார்கள். அந்த முறையில் "தமிழ்" என்ற சொல்லுக்குக் கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி ஃபான்ட் அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ஃபான்ட் இல்லாத கணினியில் போர்வை விலகி, உள்ளே இருப்பது தெரிகிறது. இங்கே ஸ்டைலை நிர்மலா யுஐ என்று மாற்றினால் ஒன்றும் ஆகாது. எழுத்தையே யுனிகோடாக மாற்றித் திரும்ப ஒட்டவேண்டும். தலைப்புக் கட்டம் ஒரே பிளாக்காக இருந்தால் ஒருமுறை திருத்தினால் போதும்.

டிராயிங்கை அனுப்பும்போது, அதையும் துணைக்கோப்புகளையும் ஒன்றாகக் கட்டித்தரும் இடிரான்ஸ்மிட் கட்டளையில் ஃபான்ட்டுகளைச் சேர்க்கும் தெரிவு உண்டு. வழக்கமாக அது அணைந்திருக்கும். அதைச் சேர்த்து, கூடவே ஒரு பிடிஎஃப் வைத்து அனுப்பினால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

திரையில் இருப்பது அச்சில் வரவில்லை. அல்லது அச்சில் வேறாக வருகிறது

ஒரு பொருள் மட்டும் அச்சில் விடுபட்டால் அது டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் இருக்கிறதா என்று பாருங்கள். டைமென்ஷன் போட்டதும் ஆட்டோகேட் தானே உருவாக்கும் லேயர் அது. அதில் உள்ளவை அச்சாகா. வியூபோர்ட் சட்டங்களை அதில் போடுவது பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தில் வேறு பொருள்களும் உள்ளே போய்விடுகின்றன.

மோனோக்ரோம் சிடிபி (எல்லா நிறத்தையும் கறுப்பாக அச்சிடும் பிளாட் ஸ்டைல் கோப்பு) கொடுத்தும் சில கோடுகள் சாம்பலாகவோ நிறத்தோடோ வந்தால், அவற்றுக்கு ட்ரூ கலர் கொடுக்கப்பட்டிருக்கிறது. சிடிபி கோப்பு 255 எண்ணிட்ட நிறங்களுக்கு மட்டுமே விதி சொல்லும். ட்ரூ கலர் அந்த விதியில் சிக்குவதில்லை. லேயரின் நிறத்தை இண்டெக்ஸ் கலர் பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்து, பொருள்களுக்கு செட்பைலேயர் (பொருளின் நிறத்தை லேயரின் நிறமாக்கும் கட்டளை) கொடுக்கவும். சிடிபி பட்டியலே வராமல் எஸ்டிபி கோப்புகள் மட்டும் தெரிந்தால் டிராயிங், நிறத்துக்குப் பதிலாகப் பெயரிட்ட ஸ்டைல்களைப் பயன்படுத்தும் மற்ற வகையைச் சேர்ந்தது. கன்வர்ட்பிஸ்டைல்ஸ் கட்டளை அதை மாற்றித் தரும்.

வைப்அவுட்டின் (பின்னால் உள்ளதை மறைக்கும் வெற்றுப் பரப்பின்) சட்டம் அச்சில் விழுந்தால் வைப்அவுட்ஃபிரேம் 2. சட்டம் திரையில் தெரியும், அச்சில் வராது. பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்தின்மேலும் குறிப்புப் பெட்டி தோன்றினால், எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துகளைத் தேடும்படியாக ஆக்குவதற்காகச் சேர்த்த ஏற்பாடு அது; பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ் அல்லது புதிய பதிப்புகளில் இபிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ் மதிப்பை 0 ஆக்கவும்.

சிறிய டிராயிங், ஆனால் கோப்பு பெரிது; எல்லாமே மெதுவாக நடக்கிறது

நான்கு அறை வீட்டுக்கு 40 எம்பி கோப்பு என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சுமை இருக்கிறது. இந்த வரிசையில் செய்யவும். முதலில் ஆடிட் கொடுத்து, பிழைகளைத் திருத்த ஆம் என்று சொல்லவும். அடுத்து, முன்னால் ஒரு சிறுகோடு சேர்த்து பர்ஜ் கட்டளையைக் கொடுத்து, ரெஜ்ஆப்ஸ் என்ற தெரிவை எடுக்கவும். வேற்று மென்பொருள்கள் விட்டுச்சென்ற பதிவுப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே போகும். பிறகு வழக்கமான பர்ஜ் பெட்டியைத் திறந்து, ஆர்ஃபன்ட் டேட்டா பகுதியையும் சேர்த்துச் சுத்தம் செய்யவும். டிஜிஎன் (மைக்ரோஸ்டேஷன் மென்பொருளின்) கோப்புகளிலிருந்து வந்த கோட்டு வகைகளின் எச்சம் அதில்தான் அடங்கும். இது காப்பி-பேஸ்ட் மூலம் ஒரு டிராயிங்கிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் என்பதால் மூலத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த மாதம் திரும்பி வரும். ஸ்கேல்லிஸ்ட்எடிட்டில் ரீசெட் கொடுத்தால் எக்ஸ்ரெஃப் வழியாகச் சேர்ந்த ஸ்கேல் பெயர்களும் கலையும். கடைசியாக ஓவர்கில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளுக்கு. இவ்வளவுக்கும் அசையாவிட்டால் வேண்டிய பொருள்களை மட்டும் டபிள்யூபிளாக் கொடுத்துப் புதுக் கோப்பாக எழுதிவிடலாம்.

கோப்பு திறக்கவே இல்லை

திறக்க மறுப்பதெல்லாம் சேதமில்லை. கோப்பின் ஒரு நகலை நோட்பேடில் இழுத்துப் போடுங்கள். குப்பையாகத் தெரியும் எழுத்துகளின் தொடக்கத்தில் ஆறு எழுத்துகள் மட்டும் படிக்கும்படி இருக்கும். ஏசி1027 என்றால் அது 2013 வடிவம். ஏசி1032 என்றால் 2018 வடிவம். உங்களிடம் உள்ள பதிப்பு அதைவிடப் பழையது என்றால் கோப்பில் குறையில்லை. அனுப்பியவரிடம் பழைய வடிவத்தில் சேமித்துத் தரச் சொல்லலாம், அல்லது ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூவில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பார்த்துவிட்டு நோட்பேடில் சேமிக்காமல் மூடவும்.

வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார் என்று செய்தி வந்து, உண்மையில் யாரும் திறக்கவில்லையென்றால், அதே ஃபோல்டரில் கோப்பின் பெயரோடு டிடபிள்யூஎல், டிடபிள்யூஎல்2 என்று முடியும் இரு சிறு கோப்புகள் எஞ்சியிருக்கும். மின்சாரம் போய் ஆட்டோகேட் நின்றபோது அழிக்கப்படாமல் தங்கியவை அவை. எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்த பிறகு அவற்றை அழிக்கலாம்.

தொடக்கத்தில் அந்த ஆறு எழுத்துகளே இல்லை, அல்லது திறக்கும்போது நின்றுவிடுகிறது என்றால்தான் சேதம். ரிகவர் கட்டளையை முதலில் முயலவும்; எக்ஸ்ரெஃப்கள் இருந்தால் ரிகவர்ஆல். அதுவும் முடியாவிட்டால் அதே ஃபோல்டரில் உள்ள பிஏகே கோப்பின் பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறக்கவும். அது கடைசிக்கு முந்தைய சேமிப்பு. அதற்குப் பிறகான வேலை, தானியங்கிச் சேமிப்பின் எஸ்வி-டாலர் கோப்பில் இருக்கலாம். சேவ்ஃபைல்பாத் என்று தட்டினால் அது இருக்கும் ஃபோல்டர் தெரியும். ஆட்டோகேட் ஒழுங்காக மூடப்பட்டால் அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிடும். எனவே பதற்றத்தில் மறுபடி மறுபடி திறந்து மூடுவதற்கு முன்பு அதை வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். சேவ்டைம் வழக்கமாக 10 நிமிடம் என்றிருக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் 5 வைப்பது நல்லது.

தெரிந்த கட்டளைகள் வேலை செய்யவில்லை. ஃபோல்டர்தோறும் ஒரு லிஸ்ப் கோப்பு முளைக்கிறது

எக்ஸ்ப்ளோட் போன்ற அடிப்படைக் கட்டளையே திடீரென்று மறுக்கிறது. டிராயிங் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நீங்கள் வைக்காத ஏகேட்டாக் என்ற லிஸ்ப் கோப்பு இருக்கிறது என்றால் அது வைரஸ்தான். டிராயிங் திறக்கும்போது அந்தப் பெயருள்ள கோப்பைத் தானாக இயக்கும் ஆட்டோகேடின் வசதியை அது பயன்படுத்திக்கொள்கிறது. 2012இல் ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டறிந்து அறிவித்த மெட்ரே என்ற வகை, பெரு நாட்டில் அதிகமாகப் பரவி, திறந்த டிராயிங்குகளைச் சீனாவிலுள்ள மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே இதை வெறும் தொல்லையாக எண்ணிவிடக்கூடாது.

விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்து, சர்வர் உட்பட எல்லா ஃபோல்டர்களிலும் அந்தப் பெயரைத் தேடி அழிக்கவும். உங்கள் அலுவலகமே அதே பெயரில் ஒரு லிஸ்ப் வைத்திருந்தால் அதை நோட்பேடில் படித்துப் பார்த்துப் பிரித்தறியவும். லிஸ்ப் ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும் செக்யூர்லோட் வேரியபிள் 1 அல்லது 2 ஆக இருக்கவேண்டும். லிஸ்ப் ஏற்றும்போது வரும் எச்சரிக்கை எரிச்சலூட்டுகிறது என்று அதை 0 ஆக்கியவர்களின் கணினியில்தான் நான் இதைப் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். ஒரு கணினியை மட்டும் சுத்தம் செய்தால் சர்வரில் உள்ள ஃபோல்டரிலிருந்து மறுநாள் காலையிலேயே திரும்பிவிடும் என்பதால் எல்லா இருக்கைகளிலும் ஆட்டோகேடை மூடிவிட்டு, ஒரே மாலையில் இதை முடிக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் ஜிப் கோப்பை நேரடியாக வேலை ஃபோல்டரில் பிரிக்காமல், தனி ஃபோல்டரில் பிரித்து, டிராயிங்கைத் தவிர வேறு என்ன வந்திருக்கிறது என்று பார்த்த பிறகே திறக்கவும்.